பாலர் தோட்டம் யாருக்கு?

சென்ற வாரம் ஓர் அலுவலின் பொருட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் செல்ல நேர்ந்தது. காலை எட்டு மணி. ஏழெட்டு மைல் தூரத்திற்குள் நம்மைக் கடந்து சென்ற பள்ளிக்கூட வண்டிகளை எண்ணத் தொடங்கி, கணக்குத் தவறிவிட்டமையால் அம்முயற்சியைக் கைவிட்டோம். அவற்றுள் ஒன்று சாலை நெருக்கடியில் நம் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள். கழுத்தில் டை, காலில் பூட்ஸ், மடியில் புத்தகப் பை. ஜன்னலோரத்துக் குழந்தை ஒன்று அந்தப் பையையே தலையணையாக்கித் தூங்கிக்கொண்டிருந்தது. வண்டியின்மேல் ‘மாண்டிசோரி’ என்ற பெயர் கொட்டை எழுத்தில் தீட்டப்பட்டிருந்தது.

அன்றே, ஒரு நாழிகை கழித்து, ஊரின் ஓரத்திலுள்ள ஒரு தறிக்கூடத்தின் வாயிலில் வேறொரு காட்சி கண்டோம். வேலைக்கு வந்த தாய் ஒருத்தி, தன் இடுப்பிலிருந்த இரண்டு வயது ஆண்மகவை இறக்கி, ஏழு வயது மதிக்கத்தக்க மூத்த பெண்ணின் இடுப்பில் ஏற்றிவிட்டு உள்ளே சென்றாள். அந்தப் பெண்ணும் பள்ளிக்கூடம் செல்லவேண்டியவள்தான். அன்று அவள் செல்லவில்லை.

இவ்விரு காட்சிகளையும் நாம் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. வண்டியின்மேல் எவருடைய பெயர் தீட்டப்பட்டிருந்ததோ அந்த அம்மையார் தம் வேலையைத் தொடங்கியது வண்டியிலிருந்த குழந்தைக்காக அன்று. தறிக்கூட வாயிலில் நின்ற குழந்தைக்காகவே. அவர் மட்டுமோ? சிசுக்களின் கல்வியைப்பற்றி உலகம் இன்று மதித்துப் போற்றும் ஆசிரியர்களிற் பலர் ஏழைகளின் பிள்ளைகளிடமிருந்தே பாடம் கற்றவர்கள். அவர்களுடைய முறைகள் எவ்வாறோ கைமாறி, பணம் கொடுத்து வாங்கும் சரக்காகிவிட்டன. தேசத்தொண்டில் ஈடுபட்டோர் இந்த வரலாற்றை அறிந்திருத்தல் அவசியம் என்பது நமது அபிப்பிராயம்.

இராஜபாளையம் கதிர்களின் ஊர். 1936-ம் வருஷத்தில் பி.ஏ.ஸி. ராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லை நிறுவிய காலந்தொட்டு இங்கே பல குடும்பங்களின் பொழுது ஆலையின் கணக்கிலேயே விடிந்து வந்திருக்கிறது. ஆகையால் நாமும் ஒரு நூற்பாலையிலிருந்தே தொடங்குவோம்.

ஸ்காட்லாந்து தேசத்தில், கிளைடு நதியின் அருவிக்கு அண்மையில், நியூ லானார்க் என்பது ஒரு சிற்றூர். அங்கிருந்த பஞ்சாலையின் நிர்வாகத்தை 1800-ம் வருஷத்தில் ராபர்ட் ஓவன் என்பவர் ஏற்றார். ஐந்தாறு வயதுச் சிறுவர் ஆலையில் வேலை செய்வது அத்தேசத்தில் அக்காலத்தில் சகஜம். பத்து வயது நிரம்பாதவரை வேலைக்கு எடுப்பதை ஓவன் நிறுத்தினார். அத்துடன் அவர் நிற்கவில்லை. 1816-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி, ஆலையை அடுத்து ஒரு கல்வி நிலையத்தைத் திறந்துவைத்தார். நடக்கத் தெரிந்த குழந்தை எதுவாயினும் அங்கே வரலாம். ஆசிரியராக அவர் தேர்ந்தெடுத்தவர் பண்டிதர் அல்லர். ஜேம்ஸ் புக்கானன் என்ற எளிய நெசவாளி. எழுத்து வாசனை குறைந்தவர், ஆனால் குழந்தைகளிடத்தில் அளவிறந்த பொறுமையுடையவர். அவருக்கு உதவியாக வந்தவள் மாலி யங் என்னும் பதினேழு வயதுப் பெண். இவ்விருவருக்கும் ஓவன் கண்டிப்பான சில கட்டளைகள் இட்டார். எக்காரணத்தைக் கொண்டும் குழந்தையை அடிக்கலாகாது, மிரட்டலாகாது, வசைமொழி கூறலாகாது, புத்தகங்களைக் காட்டித் தொந்தரவு செய்யலாகாது, அது கேட்கும் கேள்விக்கு விடை சொல்லாமல் இருக்கலாகாது. ஆட்டமும் பாட்டும், சுவரிலே மிருகங்களின் படங்களும், தோட்டத்திலிருந்தும் வயலிலிருந்தும் எடுத்துவந்த பொருள்களுமே அங்கே பாடம்.

ஓவன் ஒரு தர்மப் பிரபு என்று நாம் சொல்ல வரவில்லை. அவர் முதலாளி. வேலையாளின் மனம் நிம்மதியாயிருந்தால் ஆலைக்கும் லாபமுண்டு என்பதை அறிந்தவர். அதை மறைத்தவரும் அல்லர். அதனால் என்ன? இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு முதலாளி தாமாகவே கண்டுகொண்ட இந்தக் கணக்கைப் பிற்காலத்து முதலாளிகளுக்குச் சட்டம் போட்டன்றோ கற்பிக்க வேண்டியிருந்தது! சட்டத்தைப்பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

புத்தகம் எழுதினோரைப்பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தையைக் குழந்தையாகவே பாருங்கள் என்று ஐரோப்பாவை அதிரச் செய்தது ரூஸோவின் ‘எமீல்’. அது 1762-ல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அநாதை விடுதியில் ஒப்படைத்தவர் என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்நூலால் தூண்டப்பெற்ற பெஸ்டலாட்சி அவ்வாறு இருக்கவில்லை. 1798-ல் பிரெஞ்சுப் படை ஸ்டான்ஸ் என்ற ஸ்விஸ் ஊரைத் தீக்கிரையாக்கியபின், திக்கற்று நின்ற எண்பது குழந்தைகளோடு ஒரு கன்னிமாடத்தில் குடியேறி, அவர்களோடு உண்டு, அவர்களோடு உறங்கி, பனிக்காலத்தைக் கழித்தார். சில மாதங்களில் கட்டடம் படையின் ஆஸ்பத்திரிக்கு வேண்டுமென்று அவரை வெளியேற்றினார்கள். பிற்காலத்தில் அவரிடம் இருந்து கற்றவர் பிரடெரிக் பிராபெல். ஒரு வயது நிரம்புமுன்னரே தாயை இழந்தவர். 1837-ல் ஜெர்மனியிலுள்ள பிளாங்கன்பர்க்கில் சிறு குழந்தைகளுக்கென ஒரு நிலையம் கண்டு, 1840-ல் அதற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’, அதாவது பாலர் தோட்டம், என்று பெயர் சூட்டினார். நூல் கட்டிய கம்பளிப் பந்துகள், மர உருண்டை, மரக் கட்டை இவையே அங்கு அவர் குழந்தைகளுக்கு அளித்த சீதனம்.

இத்தோட்டங்களை 1851-ல் பிரஷ்ய சர்க்கார் தடை செய்தது. நாஸ்திகமும் சமதர்மமும் அங்கே விதைக்கப்படுகின்றன என்பது குற்றச்சாட்டு. பிராபெலின் சகோதரர் மகன் எழுதியவற்றை அவருடையவை என்று மயங்கியதே காரணம் என்பாரும் உண்டு. மறு வருஷம் அவர் காலமானார். தடை 1860-ல்தான் நீங்கியது. மரக் கட்டைகளை அடுக்கி விளையாடும் நான்கு வயதுக் குழந்தையைக் கண்டு ஒரு ராஜ்யம் அஞ்சியது! அடக்குமுறைச் சட்டங்களின் வரலாறு அறிந்த நமது நேயர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது.

நாம் அத்தோட்டத்தைத் தடை செய்யவில்லை. அதைவிடச் சாமர்த்தியமான காரியம் செய்திருக்கிறோம். ‘எல்.கே.ஜி.’ என்றும் ‘யு.கே.ஜி.’ என்றும் கீழ்ப்படி மேற்படியாக, குமாஸ்தா உத்தியோகத்தின் கிரேடுகளைப்போல, அதைப் பிரித்துவிட்டோம். சில இடங்களில் வாயிலிலேயே பரீட்சையும் வைத்தோம். தோட்டத்தில் நுழைவதற்குப் பரீட்சை! பிறரைமட்டும் குறைகூறுவது நமது நோக்கமன்று. நமது வீட்டுக் குழந்தையும் மூன்றரை வயதில் அத்தகைய வண்டி ஒன்றில் ஏறிச் சென்றதுதான். முதல் மூன்று மாதம் அழுதது. பிறகு அழுவதை நிறுத்திக்கொண்டது. அதைப் பழகிவிட்டதற்கு அடையாளமென்று நாம் எண்ணினோம்.

நிற்க. வண்டியின்மேல் பெயர் எழுதப்பட்ட அம்மையாரிடம் வருவோம். ரோமாபுரியில் ஸான் லோரென்ஸோ என்பது தொழிலாளரும் ஏழைகளும் நெருங்கி வாழ்ந்த பேட்டை. கட்டடக் கம்பெனி ஒன்று அங்குள்ள வீடுகளைப் பழுதுபார்த்து வாடகைக்கு விட்டது. பெற்றோர் பகலெல்லாம் வேலைக்குப் போய்விட, குழந்தைகள் மாடிப்படிகளில் ஓடிச் சுவர்களில் கிறுக்கின. சுவரைக் காப்பாற்ற வேண்டுமென்று கருதியே குழந்தைகளை ஓரிடத்தில் சேர்த்துவைக்கக் கம்பெனியார் முடிவுசெய்தனர். மேற்பார்வைக்கு மரியா மாண்டிசோரியை அழைத்தனர். அவர் உபாத்தியாயினி அல்லர், வைத்தியர், இத்தாலியில் வைத்தியப் பட்டம் பெற்ற முதல் பெண்மணிகளுள் ஒருவர். 1907-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி ‘குழந்தைகளின் வீடு’ திறக்கப்பட்டது.

அவர் கண்டவற்றில் இரண்டை மட்டும் இங்கே சொல்லுவோம். சிறு பெண் ஒருத்தி பல அளவு மரத் தக்கைகளைத் துளைகளில் பொருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மையார் சுற்றிலுமிருந்த குழந்தைகளைப் பாடச் செய்தார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். தக்கைகளை மடியில் அள்ளிக்கொண்டு மேலேயும் அதையே தொடர்ந்தாள். நாற்பது தடவைக்குமேல் செய்து முடித்தபின், தூங்கி எழுந்தவளைப்போல் தெளிந்த முகத்தோடு தானே நிறுத்தினாள். மற்றொரு நாள், மூக்கைச் சிந்துவது எப்படி என்று அம்மையார் ஒரு பாடம் நடத்தினார். கைக்குட்டையை மடிப்பது எப்படி, ஓசையில்லாமல் துடைப்பது எப்படி என்று செய்து காட்டினார். குழந்தைகள் சிரிக்கும் என்று எண்ணியிருந்தார். அவை கைதட்டி ஆரவாரித்தன. மூக்கு ஒழுகுவதற்காக அவற்றை அதுவரை எல்லோரும் ஏசியிருந்தார்கள். எப்படித் துடைப்பது என்று எவரும் மரியாதையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை! ஏழைக் குழந்தைக்கும் மானம் உண்டு என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வைத்தியர் வேண்டியிருந்தது.

இந்த அம்மையார் நமக்கு அந்நியர் அல்லர். 1939-ம் வருஷக் கடைசியில் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதிகளின் அழைப்பின்பேரில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தொடங்கினார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் முந்நூறு பேர் வந்து கற்றனர். 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், அவரும் அவர் மகன் மாரியோவும் சத்துரு தேசத்துப் பிரஜைகளாகிவிட்டனர். முஸோலினியின் ஆட்சியில் தம் பள்ளிகள் மூடப்படுவதைக் கண்டு தேசத்தை விட்டுச் சென்றவரை முஸோலினியின் பிரஜையென்று பிரிட்டிஷ் சர்க்கார் காவலில் வைத்தது! மாரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோயினர். அம்மையாரின் 70-ம் பிறந்தநாளான ஆகஸ்டு 31-ல் மகனை விடுவித்து வைசிராய் ‘பரிசளித்தார்’. பின்னர், 1942 முதல் 1944 வரை நமக்கு வடக்கேயுள்ள கோடைக்கானல் மலையில் அவர்கள் தங்கியிருந்து, அங்கிருந்த சிறுவர்களோடு புதிய சோதனைகளை நடத்தினர். பிறந்தது முதல் ஆறு வயது வரையிலும் குழந்தையின் மனம் சூழ்நிலையை எவ்வாறு தன்னுள் ஈர்த்துக்கொள்ளுகிறது என்பதைப்பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல், இந்தியாவில் ஆற்றிய விரிவுரைகளிலிருந்து பிறந்து, 1949-ல் சென்னையிலேயே அச்சேறியது.

அதற்கு முன்பே, 1931 அக்டோபரில், வட்டமேஜை மகாநாட்டிற்குச் சென்றிருந்த காந்தியடிகள் லண்டனில் மாண்டிசோரி ஆசிரியர் கல்லூரியில் பேசினார். உலகில் உண்மையான சமாதானம் வேண்டுமானால் குழந்தைகளிடமிருந்தே தொடங்க வேண்டும் என்று அவர் அங்கே கூறியது பலருக்கும் தெரியும். அவ்வுரையிலேயே அவர் தெரிவித்த மற்றொரு நம்பிக்கையை எடுத்துச் சொல்வார் குறைவு: செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கு மட்டுமன்றி, பரம ஏழைகளின் குழந்தைகளுக்கும் இத்தகைய பயிற்சி கிட்ட வேண்டும் என்பதே அது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்குமுன், 1927-ல், இராஜபாளையத்திற்கு வந்து இவ்வூர் ராட்டினங்களைக் கண்டு சென்றவர் அவர் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்வார்களாக.

இவையெல்லாம் மேனாட்டுச் சரக்கு, நமக்கெதற்கு என்று கேட்பாரும் உளர். அவர்களை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைக்கிறோம். துளசி வனத்தில் கண்டெடுத்த பெண்மகவைத் தம் மகளாக வளர்த்தவர் பெரியாழ்வார் என்பது ஐதிகம். அவர் பாடிய திருமொழியின் தொடக்கத்தில், கண்ணன் என்னும் குழந்தை நம் கண்முன்னே மாதம் மாதமாக வளர்கிறது. தொட்டிலில் தாலாட்டுக் கேட்கிறது, நிலாவைக் காட்டி அழைக்கிறது, கையூன்றித் தலை நிமிர்த்திச் செங்கீரை ஆடுகிறது, சப்பாணி கொட்டுகிறது, தளர்நடை நடக்கிறது, பின்புறமாக ஓடிவந்து தாயின் முதுகைக் கட்டிக்கொள்ளுகிறது. குழந்தை வைத்தியர்கள் இன்று சுவரில் மாட்டிவைத்திருக்கும் வளர்ச்சி அட்டவணையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிற்காலப் புலவர்கள் இதனையே பத்துப் பருவங்களாக வகுத்துப் பிள்ளைத்தமிழ் ஆக்கினர். சிற்றில், சிறுபறை, சிறுதேர், ஊசல் என விளையாட்டுக்களே அங்கே பருவங்களின் பெயர்கள். தாய்மார் பாடும் பாடல்களையும் விரல் விளையாட்டுக்களையும் திரட்டிப் பிராபெல் நூலாக வெளியிட்டது 1844-ல். நமது ஊரார் ஒருவர் அவருக்கு ஆயிரம் ஆண்டு முந்தியவர்.

இப்பெருமையை மேடையில் பேசிவிட்டு மாலையுடன் வீடு திரும்புவதில் நமக்குச் சம்மதமில்லை. ஆயர்பாடிக் குழந்தையின் தளர்நடையை அவ்வளவு கூர்ந்து பார்த்த தமிழ்க் கண், அண்டை வீட்டு நெசவாளியின் குழந்தையை அவ்வாறு பார்த்ததா? ஐந்து வயதில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்விட்டதும் அந்தக் குழந்தைக்குப் பாட்டு நின்றது, பிரம்பு வந்தது. மணலில் விரலால் எழுதிப் பழகும் நமது முறையைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் அதை எழும்பூர் அநாதை விடுதியில் கையாண்டு, 1797-ல் லண்டனில் புத்தகமாகவும் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்று அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. நமது தேசபக்தர்கள் இதையும் பெருமையாகச் சொல்வதுண்டு. பெல் எடுத்துச் சென்றது மணலையும், பெரிய பையனைக்கொண்டு சிறிய பையனுக்குச் சொல்லிவைக்கும் சிக்கனத்தையுமே. மாண்டிசோரி அம்மையாரும் உப்புக்காகிதத்தில் எழுத்தை வெட்டி ஒட்டி விரலால் தடவிப் பார்க்கச் செய்தார். விரல் ஒன்றே, சொரசொரப்பும் ஒன்றே. ஆனால் திண்ணையில் குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தவர் ஆசிரியர். அங்கே குழந்தையின் கையே போயிற்று. இந்த வித்தியாசத்தை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்வித்தியாசத்தை உணர்ந்து, அதை இந்நாட்டுப் பொருளாக்கியவர் ஒரு வக்கீல் என்பதில் நமக்குக் கொஞ்சம் திருப்தி உண்டு. நம் தொழிலைப்பற்றி நல்ல வார்த்தை சொல்லும் சந்தர்ப்பம் அடிக்கடி வாய்ப்பதில்லை. கிஜுபாய் பதேகா கத்தியவாரைச் சேர்ந்தவர். 1913-ல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அவனை எப்படி வளர்ப்பது என்ற கேள்வி கட்சிக்காரர்களின் கேள்விகளைவிடப் பெரிதாகிவிட்டது. கோர்ட்டை விட்டு, பவநகரில் தட்சிணாமூர்த்தி நிலையத்தில் சேர்ந்து, 1920-ல் பாலமந்திரத்தைத் தொடங்கினார். குஜராத்திக் கதைகளும் நாட்டுப் பாடல்களும் நாடகமும் அங்கே புகுந்தன. அவரை மக்கள் ‘மீசையுள்ள தாய்’ என்று அழைத்தார்கள். 1939 ஜூனில் அவர் காலமானார். மாண்டிசோரி அம்மையார் இந்திய மண்ணில் கால் வைத்தது அதே ஆண்டின் கடைசியில்.

அவரோடு பவநகரில் பணிபுரிந்த தாராபாய் மோடக் இன்னும் ஒரு படி மேலே சென்றார். பாலமந்திரங்களுக்கு வருவோர் வசதியுள்ளோர் வீட்டுக் குழந்தைகளே என்பது அவரை உறுத்திற்று. 1945-ல் பம்பாய்க்கு வடக்கே போர்டி என்ற கடலோரக் கிராமத்திற்குச் சென்றார். அனுதாய் வாக் துணை நின்றார். ஆதிவாசிக் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்தார்கள், குழந்தைகள் வரவில்லை. ஆகவே பள்ளியே குழந்தைகளின் சேரிக்குச் சென்றது. முற்றத்தில், மரநிழலில், கிடைத்த விதையும் கூழாங்கல்லும் இலையுமே சாதனங்கள். குளிப்பாட்டித் தலைவாரிவிடுவதே முதற்பாடம். ‘அங்கண்’ என்றால் முற்றம். முற்றத்திற்குச் சென்ற பள்ளி ‘அங்கன்வாடி’ ஆயிற்று. 1975 அக்டோபர் 2-ல் இந்திய சர்க்கார் குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது அப்பெயரையே எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை முதல் தேதி தொடங்கிய சத்துணவுத் திட்டம், கிராமங்களில் இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளையும் பந்தியில் உட்காரவைத்தது. இன்று நமது மாகாணத்தில் சுமார் 54 ஆயிரம் அங்கன்வாடிகள் உள்ளன.

ஆகவே ஓவன், மாண்டிசோரி, கிஜுபாய் ஆகியோரின் உண்மையான வாரிசு, டை கட்டிய குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டி அன்று. நமது தெருக்கோடியில் ஓட்டுக் கட்டடத்தில் இருக்கும் அங்கன்வாடியே. அங்கே சோறு கிடைக்கிறது, எடை பார்க்கிறார்கள். இவை சாமானியமான காரியங்கள் அல்ல. பசியோடிருக்கும் குழந்தைக்கு எந்த மேதையின் முறையும் பயன்படாது. ஆயினும் வயிற்றுக்குப் பின் வரவேண்டியது வரவில்லை. ஓர் ஊழியரிடம் குழந்தைகளையும் கணக்குப் புத்தகங்களையும் சேர்த்துக் கொடுத்தால், கணக்குப் புத்தகங்களே வெல்லும். 2019-ல் தமிழ்நாட்டு சர்க்கார் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புக்களைத் தொடங்கிற்று. ஏழைக்கும் கிடைக்கட்டும் என்ற நோக்கம் நன்று. ஆனால் பணக்காரன் வாங்கிய பிசகான சரக்கையே ஏழைக்கும் இலவசமாகக் கொடுப்பது சமத்துவமாகுமா என்பதைச் சர்க்கார் யோசிக்க வேண்டும்.

சட்டத்தைப்பற்றிக் கூறுவதாகச் சொன்னோம். 1948-ம் வருஷத்திய தொழிற்சாலைச் சட்டத்தின் 48-வது பிரிவு, ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களுடைய குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. 1976-ல் ஐம்பது முப்பதாயிற்று. 2020-ல் நிறைவேறிய தொழிற் சட்டத் தொகுப்புக்கள் மீண்டும் ஐம்பதைப் பிடித்து, ஆண் பெண் இருபாலாரையும் சேர்த்து எண்ணின. எண் எதுவாயினும் ஆகுக. சத்திரப்பட்டியிலும் சுற்றூர்களிலும் காயம் கட்டும் துணி நெய்யும் சிறு கூடங்களில் பத்துப் பேர், பதினைந்து பேர் வேலை செய்யுமிடத்தில் அந்த எண் எட்டுவதே இல்லை. நாம் கண்ட தாய் அத்தகைய கூடத்திற்குள்தான் சென்றாள். அரசியல் சட்டமோ, 2002-ல் திருத்தப்பட்டபோது, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ளோர்க்குக் கல்வியை உரிமையாக்கி, ஆறு வயதுக்குட்பட்டவர்களைக் கோர்ட்டில் வழக்குத் தொடுக்க இயலாத 45-வது ஷரத்தில் உட்காரவைத்தது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 11-வது பிரிவு, மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குச் சர்க்கார் ஏற்பாடு ‘செய்யலாம்’ என்கிறது. ‘செய்ய வேண்டும்’ என்று சொல்லவில்லை. இவ்விரு சொற்களுக்கும் உள்ள தூரத்தை அளந்தே நாம் பல வருஷம் ஜீவனம் நடத்தியிருக்கிறோம். அந்தத் தூரத்தில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி இரண்டு வயதுத் தம்பியைச் சுமந்துகொண்டு நிற்கிறாள்.

சட்டம் திருந்தும் வரை காத்திருக்க வேண்டுமா? சென்னை ராஜதானியின் பிரதம மந்திரியாயிருந்த குமாரசாமி ராஜா, தாம் வாழ்ந்த வீட்டையே பொதுவுக்கு அளித்த ஊர் இது. காந்தி கலை மன்றமாக அது இன்றும் நிற்கிறது. அத்தகைய ஊரில் சிறு கூடங்கள் பத்துச் சேர்ந்து ஒரு நிழலும், ஒரு குவியல் மணலும், பொறுமையுள்ள இரண்டு பெண்மணிகளும் ஏற்பாடு செய்வது அரிதன்று. நடைவண்டி செய்யத் தச்சர் இருக்கிறார்கள். பனையோலையில் கிலுகிலுப்பை முடையத் தெரிந்த பாட்டிமார் இருக்கிறார்கள்.

நமது நேயர்கள் வரும் வாரத்தில் ஒரு காலைப்பொழுது தத்தம் தெருவிலுள்ள அங்கன்வாடிக்குச் சென்று அரைமணி நேரம் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டுகிறோம். குழந்தைகள் எத்தனை பேர், அவர்களைப் பார்ப்பவர் எத்தனை பேர், விளையாட என்ன இருக்கிறது, அது பூட்டிய பீரோவில் இருக்கிறதா வெளியே இருக்கிறதா, அந்த அரைமணியில் எவரேனும் ஒரு பாட்டுப் பாடினார்களா, தாய் வேலை முடிந்து வரும் நேரம் வரை அது திறந்திருக்கிறதா என்பவற்றைக் குறித்து நமக்கு எழுதியனுப்பினால், ஊழியர்களின் பெயரை நீக்கி, இப்பக்கத்திலேயே வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.